ஸ்டாண்டர்டு ஹெரால்டு: புதுப்பித்த முன் சஸ்பென்ஷன் பாகங்களைப் பூட்டுவது பற்றி ஒரு கேள்வி

ஆனைமலை_ஹெரால்டு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று, ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில் பல ஆண்டுகளாக ஓடாமல் நின்றிருந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ் வேலைகள் முடிந்துவிட்டன. முன் சஸ்பென்ஷனை இரண்டு பக்கமும் முழுவதுமாகக் கழற்றி, பாகங்களைக் கோவையில் கொடுத்துப் புதுப்பித்து வாங்கி வந்திருக்கிறேன்.

மேல் விஷ்போன், கீழ் விஷ்போன் (சக்கரப் பக்கத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கைகள்), வெர்டிகல் லிங்க் (அவற்றின் வெளிமுனைகளை இணைக்கும் நிமிர்ந்த தண்டு) ஆகிய எல்லாவற்றையும் சாண்ட் பிளாஸ்டிங் செய்து கறுப்பு பவுடர் கோட்டிங் கொடுத்திருக்கிறார்கள். பழைய போல்ட்டுகளுக்கு ஜிங்க் பிளேட்டிங் செய்திருக்கிறார்கள். டிரன்னியன்கள் (வெர்டிகல் லிங்க்கின் அடி மரை திருகி நிற்கும் வெண்கலக் கூடுகள்) இரண்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த புதியவை. புஷ்கள் எல்லாம் புதிய ரப்பர் புஷ்கள். கழற்றும்போது சேஸிஸுக்கும் கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் இடையில் இருந்த சிம் தகடுகளை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கம், முன்னா பின்னா என்று எழுதிக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு உள்ள குழப்பம் முதன்மையாக டிரன்னியனைப் பற்றியது. மேனுவலில் 90 கிரேடு கியர் எண்ணெய்தான் போட வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியில் நாற்பது வருட அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர், "நிப்பிள் வெச்சிருக்கறதே கிரீஸ் அடிக்கத்தானுங்க, லாரிக்கே அதுதான் போடறோம்" என்று உறுதியாகச் சொல்கிறார். அவர் சொல்வதைத் தள்ளவும் மனம் வரவில்லை, மேனுவலை மீறவும் தயக்கமாக இருக்கிறது. இதைத் தவிர, பூட்டும்போது எந்த போல்ட்டை எப்போது இறுக்க வேண்டும், பூட்டுவதற்கு முன்பு எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். வேலை முடிந்ததும் வண்டியை ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை என்பதால் முன்பக்கத்தில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

கணபதி_லேத் எழுதியது:

வணக்கம் தம்பி. எண்ணெயா கிரீஸா என்ற கேள்விக்கு வேறு யாராவது வருவார்கள். நான் அதற்கு முந்தைய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். வெர்டிகல் லிங்கையும் சாண்ட் பிளாஸ்டிங் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தபோது அதன் அடிப்பகுதியில் உள்ள மரையை டேப் சுற்றியோ, ரப்பர் குழாய் மாட்டியோ மூடினார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த மரை சாதாரண நட்டு போடும் மரை அல்ல. ஹெரால்டில் அதுவே கிங்பின்னின், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சின், வேலையைச் செய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல டிரன்னியனுக்குள் திருகிக்கொண்டு ஏறி இறங்குகிறது, அதே நேரத்தில் வண்டியின் முன்பாரத்தையும் தாங்குகிறது. மணல் பட்டுச் சொரசொரப்பான மரையைப் புது டிரன்னியனுக்குள் விட்டால், அது அரம் போல வெண்கலத்தை அராவி, கொஞ்ச நாளிலேயே புது டிரன்னியன் பழையதாகிவிடும்.

மரையை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் பிடித்து, விரல் நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். பளபளப்பாக, வழுக்கிக்கொண்டு இருந்தால் நல்லது. சாம்பல் நிறத்தில் மங்கலாக, நகம் சிக்கும்படி இருந்தால் பிளாஸ்டிங் பட்டிருக்கிறது. மரைப் பள்ளங்களில் கறுப்புப் புள்ளிகளாகத் துருக்குழிகள் தெரிந்தால் அந்தப் பாகத்தையே ஒதுக்கிவிடுவது நல்லது.

அதற்கு அடுத்து விரிசல் சோதனை. இந்த லிங்குகள் உடைந்தால் பெரும்பாலும் மரை முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில், டிரன்னியனின் வாய்க்குச் சற்று மேலேயோ உள்ளேயோதான் உடையும், ஏனென்றால் தண்ணீர் இறங்கித் தேங்கும் இடமும் வளைவு விசை அதிகம் விழும் இடமும் அதுவே. ஓடிக்கொண்டிருக்கும்போது அது உடைந்தால் சக்கரம் அடியில் மடங்கிக்கொள்ளும். கோவையில் வார்ப்பட ஆலைகளுக்கும் பம்பு கம்பெனிகளுக்கும் வேலை செய்யும் சோதனைக் கூடங்களில் டை பெனட்ரன்ட் சோதனை செய்து தருவார்கள். பெரிய செலவு ஆகாது. சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பரப்பின் மேல் மயிரிழை போலச் சிவப்புக் கோடு ஊறி வெளியே வரும். பெயிண்ட் இருக்கும் இடத்தில் இந்தச் சோதனை பலிக்காது என்பதால், மரைக்கு மேலே இரண்டு அங்குலத்துக்குப் பவுடர் கோட்டிங்கை முழுவதுமாக நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

பவுடர் கோட்டிங் பற்றி இன்னொன்று. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பெயிண்ட்டைவிடத் தடிமனானது. போல்ட்டுத் தலையும் வாஷரும் உட்காரும் முகங்களிலும், பிராக்கெட் சேஸிஸோடு ஒட்டும் முகத்திலும் அது இருந்தால், இறுக்கிய பின் நாளடைவில் நசுங்கி போல்ட்டின் பிடி தளர்ந்துவிடும். மேல் பால் ஜாயின்ட்டின் கூம்பு உட்காரும் துளைக்குள் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. இந்த இடங்கள் எல்லாவற்றையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

ஜிங்க் பிளேட்டிங் செய்த பழைய போல்ட்டுகளை நான் சஸ்பென்ஷனில் திரும்பப் போட மாட்டேன். உறுதி மிகுந்த எஃகை அமிலத்தில் நனைத்து முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துகொள்ளும். பூசியவுடன் சுமார் 200 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து அதை வெளியேற்றாவிட்டால், மிகவும் கடினமான போல்ட்டுகள் எச்சரிக்கை இல்லாமல் முறியக் கூடும். சாதாரண முலாம் கடைகளில் இதைச் செய்தார்களா என்று கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது. புது போல்ட்டே வாங்கிவிடுங்கள். வாங்கும்போது இது யு.என்.எஃப் (அங்குல அளவிலான நுண் மரை) வண்டி என்பதை மறக்க வேண்டாம். 3/8 யு.என்.எஃப் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 24 மரை. கடைக்காரர் எடுத்துத் தரும் 10 மில்லி மெட்ரிக் போல்ட்டு பார்வைக்கு ஏறக்குறைய அதே பருமனாக இருந்தாலும் அதன் மரை வேறு. வலிந்து ஏற்றினால் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு நட்டின் மரையைத் தின்றுவிடும்.

குன்னூர்_ரோடு எழுதியது:

மேலே லேத்துக்கார அண்ணன் சொன்னவற்றை அப்படியே வழிமொழிகிறேன். நான் மேட்டுப்பாளையத்தில் இருப்பவன். ஹெரால்டையும், அதே முன் சஸ்பென்ஷன் அமைப்புள்ள டிரையம்ப் ஸ்பிட்ஃபயரையும் மலைப்பாதையில் ஓட்டியும் பிரித்தும் பழகியவன் என்பதால் டிரன்னியனைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்ணெய்தான். மேனுவல் சொல்லும் 90 கிரேடு கியர் எண்ணெய், கடையில் ஹைபாய்டு இ.பி 90 என்று கேளுங்கள். உங்கள் மெக்கானிக் கிரீஸ் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் நாமக்கல், சங்ககிரி லாரிகளில் கைபழகியவர்கள்தான் பெரும்பாலான மூத்த மெக்கானிக்குகள். லாரியின் கிங்பின் வழவழப்பான தண்டு. அதற்குள் கிரீஸை அழுத்தினால் புஷ்ஷின் பள்ளங்கள் வழியாகப் பரவி, பழைய கிரீஸைத் தள்ளிக்கொண்டு புதியது வெளியே வரும். லாரி தினமும் ஓடும், கிரீஸும் அடிக்கடி அடிப்பார்கள். ஹெரால்டின் டிரன்னியனில் இருப்பதோ நெருங்கிய மரை. கிரீஸ் அந்த மரையின் இடுக்குகளுக்குள் ஊர்ந்து போவதில்லை. உள்ளே ஒரு பக்கம் கட்டியாகத் தங்கி, நாளானால் காய்ந்து, புதிதாக அடிப்பது போக வழியில்லாமல் அடைத்துக்கொள்கிறது. எண்ணெய் என்றால் தானாகவே மரையில் ஊறி ஏறும், கொஞ்சம் கசிந்து வெளியே வரும்போது ஈரத்தையும் அழுக்கையும் கூட்டிக்கொண்டு வரும். வருடத்தில் பாதி நாள் கொட்டகையில் நிற்கிற, தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து சேர்கிற பொள்ளாச்சிப் பக்கத்து வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

வண்டி அதிகம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எண்ணெய் கொடுத்துவிடுவது என் வழக்கம். பழைய கிரீஸ் கன் ஒன்றைக் கழுவி எண்ணெய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், அடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டால் போதும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பாரம் இறங்கிய நிலையில் ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்ப, மற்றவர் எண்ணெயை அழுத்த வேண்டும். டிரன்னியனின் வாயை மூடும் மேல் சீலைச் சுற்றிப் புது எண்ணெய் கசிந்து தெரிந்தால் போதுமானது.

புது டிரன்னியனைப் பூட்டுவதற்கு முன், அதை நிமிர்த்தி வைத்து எண்ணெய் ஊற்றி ஒரு இரவு முழுவதும் ஒரு காகிதத்தின் மேல் நிறுத்தி வையுங்கள். காலையில் காகிதத்தில் எண்ணெய் வட்டம் விழுந்திருந்தால் அடிப்பக்க மூடி கசிகிறது என்று பொருள். அதை அடைக்காமல் பூட்டினால் நீங்கள் போடும் எண்ணெய் எதுவும் உள்ளே நிற்காது.

டிரன்னியனை ஏற்றும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பக்கத்து மரை வலதுகை மரை, மறுபக்கத்தது இடதுகை மரை. இரண்டையும் மாற்றி ஏற்ற முயன்று, இறுகுகிறதே என்று ஸ்பேனரால் வலிந்து திருப்பிவிடாதீர்கள். சரியான ஜோடி என்றால் எண்ணெய் தடவியதும் விரலாலேயே ஏறிவிடும். மேல் சீலை முதலில் மாட்டிக்கொண்டு, டிரன்னியனை அடிவரை மெதுவாக ஏற்றி, அங்கிருந்து திருப்பி இறக்கி, அதிகபட்சம் ஒரு சுற்றுக்குள் சரியான திசைக்கு வரும்படி நிறுத்த வேண்டும். அடியோடு முட்டிய நிலையிலேயே பூட்டிவிட்டால், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது தண்டின் நுனி மேலும் இறங்க இடமில்லாமல் டிரன்னியனின் அடியை இடிக்கும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி. அவ்வளவு தூரம் சக்கரம் ஒடியும் என்பதால் இந்த இடைவெளி விளையாட்டல்ல. கொண்டை ஊசி வளைவில் அந்த முழு ஒடிப்பையும் பயன்படுத்தத்தான் போகிறீர்கள்.

காங்கயம்_கார்காரர் எழுதியது:

நண்பர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் வண்டிக்குப் பல வருடங்களாகக் கிரீஸ்தான் அடிக்கிறோம். டிரன்னியன் உடையவும் இல்லை, ஸ்டியரிங் இறுகவும் இல்லை. எண்ணெய் போட்டால் இரண்டு வாரத்தில் தரையில் சொட்டிவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் காய்ந்து ஓடுகிறது. ஒன்றும் இல்லாததைவிடக் கிரீஸ் மேல் அல்லவா? காங்கயம் வறண்ட பூமி. இங்கே துரு என்பது அவ்வளவு பெரிய பிரச்சினையும் இல்லை.

குன்னூர்_ரோடு எழுதியது:

தங்கள் கேள்வி நியாயமானதுதான் ஐயா. இரண்டு வாரத்தில் எண்ணெய் முழுவதும் சொட்டிவிடுகிறது என்றால் அது எண்ணெயின் குறை அல்ல. அடி மூடியோ மேல் சீலோ போய்விட்டது. அதைச் சரி செய்தால் எண்ணெய் நிற்கும். வறண்ட ஊரில், அடிக்கடி புதுக் கிரீஸ் அடித்து, அடிக்கடி ஓடும் வண்டியில் கிரீஸும் காலம் தள்ளும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிரீஸ் நிப்பிள் வழியாக உள்ளே போகிறதா, அல்லது நிப்பிளைச் சுற்றி வெளியே பிதுங்குகிறதா என்பதை ஒரு முறை டிரன்னியனைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். தங்கள் வண்டியை அடுத்த முறை பிரிக்கும்போது மரையின் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு இங்கே எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு இன்னொன்று: ஏற்கெனவே கிரீஸ் அடித்த டிரன்னியனில் அப்படியே எண்ணெயை விடக் கூடாது. கழற்றிக் கழுவிய பிறகே எண்ணெய்க்கு மாற வேண்டும். உங்களுடையது புதியது என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனைமலை_ஹெரால்டு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. லேத்துக்கார அண்ணன் சொன்னபடி இரண்டு லிங்குகளையும் கழுவிப் பார்த்தேன். இடப்பக்கத்து மரை பளபளப்பாக இருக்கிறது. சோதனையிலும் விரிசல் எதுவும் தெரியவில்லை. வலப்பக்கத்து மரையின் மேல் பாதியில் துருக்குழிகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே ஒரு பட்டறையில், வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் புது மரை வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இறுக்கும் நேரத்தைப் பற்றியும் சொன்னால் வேலையைத் தொடங்கிவிடுவேன்.

கணபதி_லேத் எழுதியது:

வேண்டவே வேண்டாம். லேத் வைத்துப் பிழைக்கிறவனே சொல்கிறேன். அந்த லிங்க், காய்ச்சி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங் எஃகு. அதன் மேல் வெல்டிங் வைத்தால், வெல்டின் ஓரத்தில் உள்ள இரும்பு சூடேறிச் சட்டென ஆறி, கடினமாகவும் நொறுங்கும் தன்மையோடும் மாறிவிடும். எந்த இடத்தில் உடையக் கூடாது என்று பயப்படுகிறோமோ, சரியாக அதே இடத்தில் இந்த மாற்றம் நடக்கும். லேத்தில் கடைந்த பிறகு மேலே அழகாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. இதேபோல, கன்மெட்டல் என்னும் வெண்கல வகையில் டிரன்னியனையே வார்த்துத் தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று சோதிக்காத வார்ப்பை நான் சக்கரத்துக்கு மாட்ட மாட்டேன்.

வேறொரு லிங்க் தேடுங்கள். சென்னை வண்டலூர் ஆலையில் 1961 முதல் ஹெரால்டுகளைத் தயாரித்திருக்கிறார்கள் என்பதால் உதிரிக்காகக் கழித்த வண்டிகள் தமிழ்நாட்டில் இன்னும் கிடைக்கின்றன. அல்லது டிரன்னியனை வரவழைத்த இடத்திலிருந்தே புதியதை வரவழைத்துவிடலாம். பழையது கிடைத்தால் அதையும் விரிசல் சோதனைக்கு அனுப்பாமல் பூட்டாதீர்கள். வலப்பக்கத்துக்கு வலப்பக்கத்ததுதான் வேண்டும் என்பதை வாங்குமிடத்தில் மறக்காமல் சொல்லுங்கள்.

குன்னூர்_ரோடு எழுதியது:

புஷ் விஷயம். விஷ்போன்களின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ், உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியது. போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு சேர்ந்து அசையாமல் நின்றுவிடும். அதன் பிறகு விஷ்போன் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான் நடக்கிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலேயே ரப்பர் முழு முறுக்கில் இருக்கும். வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சில மாதங்களில் ரப்பர் கிழியும். புது ஸ்பிரிங் சரியில்லை என்று பலரும் குறை சொல்லும் வண்டிகள் பலவற்றில் உண்மையான காரணம் இதுதான்.

ஆகவே எல்லா போல்ட்டுகளையும் நட்டு பிடிக்கும் அளவுக்கு மட்டும் பூட்டிக்கொண்டு, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னுமாகச் சில அடிகள் உருட்டி, பம்பரை அழுத்தி அழுத்தி விட்டு, முன் இருக்கைகளில் இரண்டு பேரை உட்கார வைத்த பிறகு, அந்த உயரத்தில்தான் டார்க் ரெஞ்ச்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுவதுமாக முன்பக்கம் சாய்ந்து திறப்பதால், வண்டி தரையில் நின்றாலும் மேல் விஷ்போனுக்கு ஸ்பேனர் தாராளமாகப் போகும். கீழ் விஷ்போனுக்குப் பள்ளம் உள்ள சர்வீஸ் ஸ்டேஷனில் நிறுத்திக்கொண்டால் வசதி.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கூட்டை ஒரே உருப்படியாக மாட்டலாம். ஆனால் அந்தக் கூட்டைப் பிரிப்பதோ சேர்ப்பதோ ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் செய்யவே கூடாது. கயிறு கட்டி, இருவர் அழுத்திப் பிடித்துச் செய்கிற வித்தைகளை யாராவது சொல்லிக் கொடுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

டிரன்னியன் போல்ட்டுக்கும் அது நுழையும் எஃகுக் குழாய்க்கும் இடையில் துருத் தடுப்புப் பசை தடவுங்கள். இல்லாவிட்டால் சில வருடங்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, கழற்ற முடியாமல் போல்ட்டை அறுக்க வேண்டிவரும். சக்கர பேரிங்கை, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டைப் பிடிக்கும்வரை திருகி, பிறகு சற்றே தளர்த்தி, கையால் ஆட்டினால் மிகச் சிறிய ஆட்டம் உணரும்படி வைத்து, புது ஸ்பிலிட் பின் போடுங்கள். இது கூம்பு உருளை பேரிங். இறுக்கி வைத்தால் சூடேறி அழிந்துவிடும்.

சிம் தகடுகளை இருந்தபடியே திரும்ப வையுங்கள். பிறகு அலைன்மென்ட் பாருங்கள். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைகளின் பட்டியலில் ஹெரால்டு இருக்காது. மேனுவல் பக்கத்தைக் கையோடு கொண்டுபோய், ஆள் ஏற்றிய நிலையில்தான் அளக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனைமலை_ஹெரால்டு எழுதியது:

மிகத் தெளிவாகப் புரிந்தது. வலப்பக்கத்து லிங்க்குக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வெல்டிங் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். மெக்கானிக் ஐயாவிடமும் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். அவர் பழைய டிரன்னியன் ஒன்றை ஹேக்சாவால் நெடுக்காக அறுத்துப் பார்த்தார். நிப்பிளுக்கு நேரே இருந்த இடத்தில் கிரீஸ் மெழுகு போலக் கட்டியாக இருந்தது; மேலே உள்ள மரைகளில் செந்துருவைத் தவிர ஒன்றும் இல்லை. "அப்ப எண்ணெயே ஊத்திரலாமுங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு சந்தேகம் மட்டும்: முதல் ஓட்டத்துக்குப் பிறகு எவற்றைத் திரும்பச் சோதிக்க வேண்டும்?

கணபதி_லேத் எழுதியது:

முதலில் பொள்ளாச்சி, உடுமலை என்று சமவெளியிலேயே ஓட்டுங்கள். புஷ்களும் முகங்களும் படிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். பவுடர் கோட்டிங் சுரண்டிய முகங்களில் உள்ளவற்றைக் கட்டாயம் பாருங்கள். பேரிங் ஆட்டத்தையும், பிரேக் ஹோஸ் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயரிலோ விஷ்போனிலோ உரசுகிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டியரிங் திருப்பிய பிறகு தானாக நேருக்கு வராமல் கனமாக நின்றால், டிரன்னியன் மரை பிடிக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மலை ஏற வேண்டாம், கழற்றிப் பாருங்கள்.